அரை அங்குலம்

டுலூத்தில் உறைபனி ஐந்தடி இறங்கும்.
அதற்கும் கீழே போய்த்தான் தூண் ஊன்ற வேண்டும்.
ஜூன் முழுக்கக் குழி வெட்டினான் ஆர்வில்.

மேல்தளம் சமையலறைக் கதவுக்கு.
நடுத்தளம் அடுப்புக்கு.
கீழ்த்தளம் எதற்கென்றேன்.
"ஏரி தெரியும்."
தெரிந்தது,
பக்கத்து வீட்டு பிர்ச் மரம் மொட்டையான பிறகு.

நான்காம் படி மட்டும் அரை அங்குலம் கூடுதல்.
நகராட்சி ஆள் தடுக்கினார்; கையெழுத்துப் போடவில்லை.
என் தங்கை தடுக்கினாள்; தட்டும் மீனும் புல்லில்.
"அடுத்த வாரம் பார்க்கிறேன், வெர்னா."
வாரங்கள் போயின.
மார்ச்சில் அவனும்.

நேற்று ஒரு தச்சர் வந்து
படியைப் பிரித்துச் சரியாகப் போட்டார்.
கையெழுத்தும் கிடைத்துவிட்டது.

இரவு குப்பையை வைத்துவிட்டு ஏறுகிறேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.

நான்காவதில்
இல்லாத அரை அங்குலத்துக்கு
எழும்பிய கால்
தொப்பென்று விழுகிறது பலகையில்.