மூன்றே முக்கால் கிலோ

மங்களூரில் வாங்கிய பழைய பாய்மரப் படகு
புதுச்சேரிக்குப் போகும் வழியில்
ராயக்கோட்டை மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம்
லாரியின் அச்சு முறிந்து நின்றது.
ஜூன் மாதம். காற்றில் மாங்கூழ் ஆலையின் புளிப்பு.
டீ குடிக்க வந்தவர்கள் எல்லாரும்
அதன் அடிவயிற்றை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அச்சு வர ரெண்டு நாளாகும்.
அதற்குள் அடுப்பை மாற்றிவிடலாம் என்று
என் கடை தேடி வந்தாள் பெலிசியா.

நான் கல்யாண மண்டபத்து அடுப்புக்காரன்.
பிரியாணி பர்னர், டீக்கடை அடுப்பு, தோசைக்கல் மேடை,
எதுவானாலும் தரையில் நிற்கும்.
கடலை டிவியில் பார்த்ததோடு சரி.

ஏணி போட்டு ஏறி உள்ளே குனிந்தேன்.
லாரி கேபின் அளவு இடம்.
அதற்குள் படுக்கை, மேசை, கை கழுவும் தொட்டி,
மூலையில் அந்த அடுப்பு.
உப்பு தின்று ஒரு திருகாணிக்கும் தலை இல்லை.
உளி வைத்துத் தட்டத் தட்ட
துரு, கருகிய பருப்பு, ஒரு நாலணா,
யாருடையதோ மூக்குத்தித் திருகு
எல்லாம் உதிர்ந்தது.

சிலிண்டர் பெட்டியின் அடியில் ஓட்டை போடச் சொன்னாள்.
படகுல ஓட்டையா என்று சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
கேஸ் காத்தைவிடக் கனம் அண்ணே,
வீட்ல வாசல் வழியாப் போயிடும்.
இங்க கீழே இறங்கித் தேங்கி
ஒரு தீக்குச்சிக்காக உட்கார்ந்திருக்கும்.
போட்டேன். விரல் நுழைகிற அளவு,
வெளியே பார்த்தபடி, நீர்க்கோட்டுக்கு மேலே.

புது அடுப்பு நிற்கக் கூடாதாம்.
தொங்க வேண்டுமாம், தூளி மாதிரி.
படகு இடமோ வலமோ சாயட்டும், அது நேராக இருக்கணும்.
லேத் பட்டறை சாதிக் பாஷா கடைந்து தந்த பித்தளைக் குமிழ்கள்
இரண்டு காதிலும் வெண்ணெயாகச் சுழன்றன.

சோதிக்கக் கடலுக்கு எங்கே போவது?
லாரி ஜாக்கி ரெண்டை இடப்பக்கம் கொடுத்து
கிளீனர் முனிராசு ஏற்ற ஏற்ற
படகு சாய்ந்தது, நாங்கள் சாய்ந்தோம்,
அடுப்பு சாயவில்லை.
கை தட்டினோம்.
பிறகு குண்டானில் ரெண்டு லிட்டர் பால் வைத்தோம்.
குண்டானோடு தலைகுப்புறக் கவிழ்ந்தது.
என் சட்டை, அவள் கடல் வரைபடம், மெத்தை.
வெறும் வயிற்றில் இருந்த நிதானம்
சோறு ஏறியதும் போய்விட்டது.

அவள் பேசாமல் துடைத்தாள்.
நான் பேசாமல் இறங்கிப் போனேன்.

கிரானைட் பட்டறைக்குப் பின்னால்
அறுத்துப் போட்ட ஓரங்கள் குப்பையாய்க் கிடக்கும்.
அதில் கறுப்பாக ஒரு பட்டை,
மளிகைக் கடைத் தராசில் மூன்றே முக்கால் கிலோ.
அடுப்பின் அடியில் தகட்டுக் கூடு அடித்துச் செருகினேன்.

மறுபடி ஜாக்கி.
இந்த முறை அரை லிட்டர்தான், பயம்.
அப்புறம் ஒன்று. அப்புறம் ரெண்டு.
சாய்ந்த தரையில் கால் உதைத்து நின்று
பால் பொங்குகிற வரை
மூணு பேரும் குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
முனிராசுக்கு டம்ளர் எட்டவில்லை.

பில்லில் கல் என்று எழுதி
எதிரே ஒரு கோடு போட்டேன்.

நாலு மாதம் கழித்து போனில் ஒரு படம்.
ஜன்னல் நேர், மேசை நேர், கதவு நேர்.
என் அடுப்பு மட்டும் கோணல்.
வயிற்றைப் பிசைந்தது. உடனே கூப்பிட்டேன்,
எந்தப் பக்கத்துக் குமிழ்மா போச்சு?

அலைச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்:
ஒண்ணும் போகலை அண்ணே,
சாய்ஞ்சது நாங்கதான்,
நானும் படகும் இந்த போனும்.
பாலைப் பாருங்க.

படத்தைப் பெரிதாக்கினேன்.
குண்டான் விளிம்பும் பாலும் ஒரே கோடு.
போனை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.
எதிரே நின்றவர்
மூணாவது தடவையாகக் கேட்டார்,
பிரியாணி பர்னர் என்ன விலைங்க?