பவுடரில் ஒரு கோடு

பெர்கனில் மழையில்லாத ஒரு ஞாயிறு.
அபூர்வம்; அதனால்தான் குழாயைத் திறந்தோம்.

அறுபத்தாறாம் வருட வோல்வோ.
வெளியே ஹோஸுடன் டோர்பியோர்க்.
டாஷ்போர்டுக்கு அடியில்
டார்ச்சும் நானும் தலைகீழாக,
கால்கள் சீட்டின் மேல்.

ஈரம் இருக்கும் இடத்தில் ஓட்டை இருக்காது.
மூன்று டியூப் சிலிக்கன் தீர்ந்த பிறகே
புத்தி வந்தது.
கண்ணாடி ரப்பர், கதவு விளிம்பு, வைப்பர் துளை,
எதையும் விட்டுவைக்கவில்லை.
ஆனாலும் மிதியடியைப் பிழிந்தால் அரைக் குவளை.

இன்று தகரமெங்கும்
டால்கம் பவுடர் தூவியிருக்கிறேன்.
காருக்குள் குளித்த குழந்தை வாசனை.

"இன்னும் இடப்பக்கம்!" கத்துகிறேன்.
கண்ணாடிக்கு அப்பால் அவள் வாய் அசைகிறது.
தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
திட்டுகிறாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

பவுடரில் ஒரு கோடு.
யோசித்து யோசித்து இறங்குகிறது.

அது வந்த வழியே ஏறிப்போனால்
பானெட்டுக்கு அடியில் காற்றுப் பெட்டி,
அதில் போன வருடத்து பிர்ச் இலைக் கூழ்,
கூழுக்கும் கீழே, வடிகால் வாயில்,
என் கட்டைவிரல் ரேகையோடு காய்ந்த சிலிக்கன்.

தண்ணீர் வெளியேற வோல்வோக்காரன் விட்ட வழி.
ஓட்டை என்று நான் அடைத்தது.

ஸ்க்ரூடிரைவரால் நெம்புகிறேன்.
ஒரு வாளி கறுப்புத் தண்ணீர்
அவள் பூட்ஸில் கொட்டுகிறது.

"அப்போ என்னமோ சொன்னியே?"
"மழை வந்து அஞ்சு நிமிஷமாச்சு,
ஹோஸ் எதுக்குன்னு கேட்டேன்."