குழாய் மாற்றும் ஆறு வாரங்கள்

முதலில் தண்ணீரை நிறுத்துவேன்.
பிறகுதான் வணக்கம் சொல்வேன்.
இருபத்தோரு வருடத் தொழிலில்
படிந்துபோன வரிசை இது.

கோதன்பர்க்கின் வடகிழக்கு ஓரம்,
நகராட்சி கட்டிய எட்டு மாடி.
என்னைவிட இரண்டு வயது மூத்தது,
மூட்டுகள் என்னுடையவற்றைவிட மோசம்.
வார்ப்பிரும்பை அறுத்தால்
சுண்டுவிரல் நுழையத்தான் வழி,
மீதியெல்லாம் துரு.

குளியலறைகளை உடைத்தபின்
எல்லோருக்கும் முற்றத்து வண்டிதான்:
நாலு கழிப்பறை, மூன்று ஷவர்,
ஒரு கொக்கிக்கு இரண்டு துண்டு.
பிப்ரவரி. மைனஸ் ஒன்பது.
குளிரங்கிக்கு அடியில் இரவுடை,
கையில் சோப்புப் பெட்டி,
வாயில் வசவு. வசவெல்லாம் எனக்கு.

வாங்கிக்கொண்டேன்.
சரயேவோவில் மூன்று குளிர்காலம்
குடத்தோடு வரிசையில் நின்றவன் நான்.
வரிசை மனிதர்களை என்ன செய்யும் என்று தெரியும்.

ஐந்தாம் மாடி குன்வோர்
முப்பது வருடமாக லிஃப்டில்
எண்களை மட்டுமே பார்த்து வந்தவர்.
மூன்றாம் நாள் பின்னால் திரும்பி,
"நெலிதா, நீ முந்திக்கொள்.
ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கணும் இல்லையா?"
பஸ் நேரம் தெரிந்திருக்கிறது!
பெயரும்.
(சுவர் மெலிசு. எல்லாம் தெரியும்.)

குழாய் ஓடிய பொந்து
மேலிருந்து நிலவறைவரை திறந்து கிடந்தது.
பலகை வைத்து மூடியிருந்தேன், விதி அப்படி.
நகர்த்தியது யார் என்று நான் கேட்கவில்லை.
ஏழாம் மாடி ரைமோ
கயிற்றில் கட்டி இறக்கிய காபி ஃபிளாஸ்க்
ஐந்தில் நின்றது, நாலில் நின்றது,
காலியாக மேலே போனது.
மறுநாள் ஹோதன் அதில்
ஏலக்காய்த் தேநீர் நிரப்பி அனுப்பினாள்.
குடித்துவிட்டுப் பொந்துக்குள் தலையை விட்டு
ஃபின்னிஷில் ஏதோ கத்தினார் கிழவர்.
பாராட்டாக இருக்கலாம்.
சர்க்கரை அதிகம் என்றும் இருக்கலாம்.

ஹோதனின் மகன் லீபான்
தூங்கும் மூலையில் கறுப்புப் பூஞ்சை,
கடற்கரையும் தீவுகளுமாக.
இது எந்த நாடு என்று கேட்டேன்.
"இருமல் நாடு" என்றான்,
நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கி.
அந்தச் சுவரை நானே இடித்தேன்.
அது என் வேலையே இல்லை.

ஐந்தாம் வாரம் கடிதம் வந்தது.
வீட்டுக்கு வீடு ஒரே வாசகம், வேறு வேறு தொகை.
"தரம் உயர்ந்துள்ளதால்" என்று தொடங்கி
வாடகை முப்பத்தெட்டு சதவீதம்,
மூன்று தவணையாக ஏறும்.
தோளில் துண்டோடு நெலிதா உரக்க வாசித்தாள்.
குன்வோர் உறையின் பின்பக்கம் கூட்டிப் பார்த்து
பேனாவை மூடினார்.
பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் குறடைப் பார்த்தேன்.

ஆறாம் வாரம் பொந்தை அடைத்தேன்,
தீயும் புகையும் பேச்சும் ஏறாத கலவையால்.

நவம்பரில் மறுபடி கூப்பிட்டார்கள். கசிவு.
ஏழாம் மாடியில் வேறு பெயர்ப்பலகை.
ரைமோ எழுபது கிலோமீட்டர் தள்ளி
ஒற்றை அறைக்குப் போய்விட்டாராம்.
ஃபிளாஸ்க் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

நாலாம் மாடியில் லீபான்
மாடிப்படியில் ஓடி வந்து
முழு வாக்கியம் ஒன்றை
ஒரே மூச்சில் சொன்னான்.
சொன்னது என்ன என்பது மறந்துவிட்டது,
நான் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
இன்ஹேலர் சமையலறை இழுப்பறையில்,
ரப்பர் பேண்டுகளுக்கு நடுவே.
"இப்போது விடிய விடியத் தூங்குகிறான்.
எனக்குத்தான் பார்க்க வாய்க்கவில்லை" என்றாள் ஹோதன்.
வாடகைக்காக இரவு ஷிஃப்ட் எடுத்திருக்கிறாள்.

கசிவு குன்வோர் வீட்டில். ஒரு வாஷர், பத்து நிமிடம்.
கம்பளி மேல்சட்டை இல்லாமல்
அவரை அன்றுதான் பார்த்தேன்.
வீடு கதகதப்பு. புது ஜன்னலுக்கு வெளியே
டிராம் சத்தமின்றிப் போனது.
"அந்த வண்டி இனி வராதா?" என்றார்.
டிராமா?
"குளிக்கிற வண்டி."
வேடிக்கையென்று சிரித்துவிட்டேன்.
கதவைச் சாத்தும்போது பார்த்தேன்:
லிஃப்டில் எண்களைப் பார்க்கும்
அதே முகம்.