இரண்டு ஜோடிக்குத்தான் இடம்

ஆயிரத்து இருநூறு வாளி விற்றதற்கு
பெயின்ட் கம்பெனி இந்த வருஷம்
ஒரு கப்பல் கொடுத்திருக்கிறது.
சென்னையிலிருந்து மூன்று இரவு, இரண்டு பேர்.
போன வருஷம் மிக்ஸி.

செவ்வாய்ப்பேட்டைக் கடையைப் பூட்டிவிட்டு வந்து
கூடத்தில் செருப்புகளை வரிசையாக வைத்தேன்.
பெட்டியில் இரண்டு ஜோடிக்குத்தான் இடம்,
மிச்சத்தை முறுக்கு டப்பா பிடித்துக்கொண்டது.
டப்பா நாத்தனார் பங்கயச்செல்வியுடையது.
கூட வருகிறவள் அவள்தான்;
என் வீட்டுக்காரருக்கு
மேட்டூர் அணையை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும்.

கம்பெனி அனுப்பிய தாள் சொல்கிறது:
இரவு விருந்துக்கு மூடின ஷூ.
மேல்தளத்துக்கு ரப்பர் அடி.
சாப்பாட்டு ஹாலுக்குள் ரப்பர் செருப்பு கூடாது.
“கூடாதுன்னா எங்க கழட்டி விடறதாம்?
கப்பலுக்கு வாசப்படி எந்தப் பக்கம்?”
என்கிறாள் பங்கயம்.
எனக்கும் தெரியவில்லை.

கறுப்பு ஜோடிக்குக் குதி இரண்டரை அங்குலம்.
மகள் வரவேற்புக்கு ஐந்து ரோட்டில் வாங்கியது.
போட்டோவில் நானும் சம்பந்தியம்மாவும் ஒரே உயரம்.
அன்று ராத்திரி கழற்றினால்
உள்ளே ஈரமாகச் சிவப்பு.
கடித்ததே தெரியாமல்
நானூறு பேருக்குத் தாம்பூலப் பை கொடுத்திருக்கிறேன்.

சர்க்கரை வந்து பதினோரு வருஷம்.
செருப்பு கடித்தால் என் கால் சொல்லாது.
படுக்கும் முன் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து
பாதத்தை அதன்மேல் பிடித்து
விரல் விரலாகப் பார்க்க வேண்டும்,
வருஷக் கடைசியில் சரக்கு எண்ணுவது போல.
கிலோக் கணக்கில் ஆணி விற்கிறவளுக்குக்
குதிகாலில் ஓர் ஆணி.
முன்பெல்லாம் குத்தும்.
இப்போது சும்மா இருக்கிறது.
சும்மா இருப்பதுதான் மோசம் என்கிறார் டாக்டர்.

அவர் எழுதிக்கொடுத்த செருப்பு மெத்துமெத்தென்று இருக்கும்.
போட்டால், இரவல் காலில் நடக்கிற மாதிரி.
வெள்ளை கேன்வாஸ்
மூக்கனேரியைச் சுற்ற வாங்கி நாலு நாள் சுற்றியது.
இன்னொன்று கடைச் செருப்பு, நீல வார்.
அதைக் கணக்கில் சேர்த்திருக்கவே வேண்டாம்:
மேலும் கீழும் ஐவரி, பிஸ்தா, டிஸ்டம்பர் வெள்ளை.

கப்பலில் தரை எந்நேரமும் ஈரமாம்.
நான் டைல்ஸும் விற்கிறவள்,
சொல்லை நம்பித் தரை எடுத்ததில்லை.
சாம்பிள் டைல் ஒன்றை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்
பலகையில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றினேன்.
ஒவ்வொரு செருப்பிலும் ஒரு கிலோ ஆணிப் பொட்டலம்.
பங்கயம் பலகையை ஒரு முனையில் தூக்கினாள்.

கறுப்பு உடனே போனது.
கேன்வாஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது.
டாக்டர் செருப்பு முக்கால் சாய்வுவரை கௌரவமாக நின்றது.
நீல வார் மட்டும் போகவே இல்லை.
அடியில் காய்ந்து கிடந்த பெயின்ட்
ஓணான் மாதிரிப் பிடித்துக்கொண்டது.

எதிரே சேர்வராயன் மலையில்
கொண்டை ஊசி வளைவில் விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன.
“தூரத்துல கப்பலும் இப்பிடித்தான் தெரியுமோ?”
நாங்கள் இருவரும் ஏறியதில் பெரியது
ஏற்காட்டு ஏரியின் மிதிபடகு.
அரை மணி நேரம். அவள்தான் மிதித்தாள்.

டாக்டர் செருப்பின் வலதில் மாத்திரை அட்டை,
இடதில் கைக்கண்ணாடி திணித்து உள்ளே வைத்தேன்.
நீல வாரைத் தின்னர் போட்டுத் துடைக்க எடுத்தவள்
பஞ்சைக் கீழே போட்டேன்.
கம்பெனி கொடுத்த கப்பல்தானே,
கம்பெனி பெயின்ட்டோடு ஏறட்டும்.

விடியற்காலை பெட்டி ஏனோ வேறு மாதிரிக் கனத்தது.
முறுக்கு டப்பா சாப்பாட்டு மேசைமேல் இருந்தது.
அது இருந்த இடத்தில்
செய்தித்தாள் சுற்றி, கறுப்பு ஜோடி.
“நடக்கறதுக்கு இல்லீங்க அண்ணி,” என்றாள் பங்கயம்
ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தியபடி,
“மேசைக்கடியில போட்டுக்கிட்டு
உக்காந்திருக்கறதுக்கு.”