நாலரை அங்குலம்

பூச்சியத்திலிருந்து பத்துக்குள்
வலி எவ்வளவு என்று கேட்டார்
டிக்கோயா ஆஸ்பத்திரி டொக்டர் ருமைசா.
அந்த அளவுகோல் எனக்குப் பழக்கமில்லை.
தோளில் மூன்று அங்குலம், ரெண்டு நூல் என்றேன்.
இடுப்புக்கு
டேப் பத்தாது.

அவர் சிரிக்கவில்லை.
கையைத் தூக்குங்கள் என்றார்.
காது மட்டத்தில் நின்றுவிட்டது கை,
ஈரத்தில் ஊதிய கதவு
நிலையில் இடிப்பது மாதிரி.

பதினெட்டு வருசம், டொக்டர்.
சவுக்கு, மகோகனி,
முதலாளி மலிவாய் இறக்கும் பச்சை அல்பீசியா.
லொறியிலிருந்து பட்டறைக்கு நாற்பத்தொரு படி.
ஹட்டனில் எதுவுமே சமதரையில் இல்லை,
ஒன்று ஏறணும், இல்லை இறங்கணும்,
முதுகில் பலகையோடு.

சாண்டர் பிடித்த கை
மிஷினை நிறுத்திய பிறகும் ஓடுகிறது.
போன கிழமை மகளின் ஸ்கூல் சட்டைக்குப்
பொத்தான் போடப் போய்
விரலுக்குள் இருந்த பொத்தானைக்
கண்ணால் தேடினேன்.

ராத்திரி தைலம்.
தவமலர் என் முதுகில் ஒட்டிய மரத்தூளை
அலுமாரிக்குத் தூசி தட்டுவதுபோல் தட்டிவிட்டுத்
தேய்ப்பாள்.
அவளுக்குக் கழுத்து. கொழுந்துக் கூடைக் கயிறு
நெற்றியில் பிடித்த பிடி.
மாறி மாறிப் பூசிக்கொள்வோம்.
பேசுவதற்கு அதுதான் நேரம்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் குனிவீர்கள்?
எப்போது நிமிர்வேன் என்று கேட்டால்
சொல்லலாம்.
பத்து மணிக்கு, தேத்தண்ணிக்கு.

துண்டில் எழுதித் தந்தார்:
இலேசான வேலை, இரண்டு கிழமை.
விமலரத்ன முதலாளி அதை வாசித்தார்.
நாலாய் மடித்தார்.
ஆடிக்கொண்டிருந்த இழைப்பு மேசையின் ஒரு காலுக்கு
முட்டுக் கொடுத்தார்.
மேசை இப்போது ஆடவில்லை. அந்த மட்டில் நல்லது.

அன்றைக்குத்தான் மேசையை அளந்தேன்.
கலியாணக் கட்டில், கடை லாச்சி, செத்தவர் பெட்டி,
எல்லாவற்றுக்கும் ஆளைப் பார்த்து அளவெடுத்தவன்
நான் நிற்கும் மேசைக்கு
டேப் வைத்ததே இல்லை.
என் உயரத்துக்கு நாலரை அங்குலம் குறைவு.
ஆஸ்பத்திரியில் குறைத்துச் சொல்லிவிட்டேன்.

சவுக்கில் நாலு கட்டை அறுத்துக்
காலுக்கடியில் வைத்தேன்.
(நூற்றெண்பது ரூபா, என் பெயரில்,
முதலாளியின் கொப்பியில்.)
இழைப்புளி அன்றைக்குத்
தானாய்ப் போனது.

ஆனால் பின்நேரம் அதே மேசை நிஸ்தாருக்கு.
ஐந்தடிக்கு மேல் ஒரு நூல்கூட இல்லாத ஆள்.
கட்டை மேல் நின்ற மேசையில்
அவன் தோள் காதைத் தொட்டது.
மூன்றாம் நாள்
கழுத்தோரம் கைவைத்துத் தேய்த்தான்,
சரியாக நான் தேய்க்கும் இடம்.

இப்போது எங்கள் ஒப்பந்தம் இது.
காலையில் கட்டை வைக்கிறோம்,
பகல் சோற்றுக்குப் பிறகு எடுக்கிறோம்.
ஆளுக்கொரு முனை.
மேசை முந்நூறு றாத்தல் இருக்கும்.
ஒன்று ரெண்டு மூன்றுகூடச் சொல்வதில்லை,
மூச்சைப் பிடித்துக்கொண்டு
குனிந்துதான்
தூக்கவேண்டி இருக்கிறது.