எண் பொருத்தம்

ஷுவைக் தொழிற்பேட்டை, காலை ஆறரை.
வெயில் ஏறுமுன் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தேன்.
சூடேறினால் பெயின்ட் மீட்டர் பிதற்றும்.
ஆட்களும்.

மிஷாரி ஷட்டரைத் தூக்கினான்.
அறுபத்தொன்பதாம் வருட மெர்சிடிஸ்,
இரண்டு கதவு, மடங்கும் கூரை,
பால் அதிகம் விட்ட தேநீரின் நிறம்.
அழகு என்று நான் சொல்லக் கூடாது.
சொன்னால் விலை ஏறும்.

துபாயிலிருந்து திரவியம் சார்
என் காதுக்குள் இருக்கிறார், ப்ளூடூத்தில்,
மூச்சுச் சத்தத்தோடு.

துணி சுற்றிய காந்தத்தைச் சக்கர வளைவில் வைத்தேன். பிடித்தது.
கதவின் அடியில் பிடித்தது.
டிக்கி ஓரத்தில் வழுக்கி
என் கைக்கே திரும்பி வந்தது.
நூற்றிருபது மைக்ரான், நூற்றுப்பத்து, நூற்றுமுப்பது,
பிறகு எழுநூறு.
"தம்பி சைக்கிளில் வந்து மோதினான்" என்றான் மிஷாரி.
பின்பக்கம், இடது, ஒரு சாண் பட்டி என்று எழுதிக்கொண்டேன்.
சைக்கிளை எழுதவில்லை.

கண்ணாடி மூலைகளில் எல்லாம் ஒரே ஆண்டு.
தகட்டின் ரிவெட்டுகளை யாரும் கிளறியதில்லை.
சேசிஸ் எண்ணின் மேலிருந்த அழுக்கை
காலாவதியான சிவில் ஐடி அட்டையால் சுரண்டினேன்.
இலக்கங்கள் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி நின்றன.
நேராக நின்றிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஊரில் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள்.
ஒன்பது இருந்தும் ரஜ்ஜு இல்லையென்றால்
தாம்பூலத் தட்டோடு எழுந்துவிடுவார்கள்.
எனக்கு எஞ்சின்தான் ரஜ்ஜு.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பிளாக்கின் இடுக்கில் படித்தேன்.
டேட்டா கார்டின் நகலைப் பார்த்தேன்.
மறுபடி படித்தேன்.
முதல் ஆறு இலக்கம் ஒத்துப்போனது.
பிறகு வேறு வண்டி.

என் முதுகைப் பார்த்தே மிஷாரிக்குத் தெரிந்துவிட்டது.
"தொண்ணூறு ஆகஸ்டில்" என்று ஆரம்பித்தான்.
சிப்பாய்கள் தெருத்தெருவாக வண்டிகளை ஓட்டிக்கொண்டு போனார்களாம்.
அவன் அப்பா ஒரே இரவில் எஞ்சினை இறக்கி
தோட்டத்தில் புதைத்தாராம்.
ஓடாத வண்டியை யார் தொடுவார்?

விற்பவன் ஒவ்வொருவனிடமும் ஒரு கதை உண்டு.
ஒரே கை ஓட்டியது, மழையே பார்க்காதது,
அமைச்சர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனது.
கதையில் காந்தம் ஒட்டாது.

ஆனால் அடியில் படுத்தபோது பார்த்தேன்.
எஞ்சின் தாங்கியின் பழைய போல்ட் ஒன்று
கழற்றப்படவில்லை, அறுக்கப்பட்டிருந்தது.
ஹேக்சா மூன்று இடத்தில் நழுவிய கீறல்.
ஸ்பானர் தேட நேரமில்லாத கை.
அல்லது சோம்பேறி மெக்கானிக்.
இருவரும் ஒரே கீறலைத்தான் போடுவார்கள்.

ஷெட்டின் பின்னால், செத்த ஏசிகளுக்கு நடுவே
தார்ப்பாயை விலக்கினான்.
எட்டு வருடம் கழித்து, தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டும்போது கிடைத்ததாம்.
உப்பும் மணலும் இறுகி
எஞ்சின் என்று சொன்னால்தான் எஞ்சின்.
வயர் பிரஷ் போட்டேன். சாக்பீஸைத் தேய்த்து
தூளை விரலால் இழுத்தேன்.
கடைசி மூன்றில் இரண்டு எழுந்து வந்தன.
நான்கு. ஒன்று.
அடுத்தது ஏழு,
இல்லை, அதுவும் ஒன்றேதானோ,
உப்பு தின்றது போக மிச்சம்.
கார்டில் ஏழு.

"என்னய்யா, ஒரிஜினலா இல்லையா?
ஒரே வார்த்தை."
காது கேட்டது.

படிவத்தில் இரண்டே கட்டம்.
'பொருந்தவில்லை' என்பதில் டிக் போட்டேன்.
கீழே குறிப்புக்கு ஒன்றரை வரி இடம்.
அறுபட்ட போல்ட்டை எழுதினேன்.
'கண்டெடுத்த பிளாக்கின் கடைசி இலக்கம் ஏழாக இருக்கலாம்' என்று எழுதிவிட்டு
அந்த 'லாம்'ஐ மட்டும் அடித்துவிட்டால் என்ன என்று
பேனாவோடு கொஞ்ச நேரம் நின்றேன்.
அடிக்கவில்லை.

மிஷாரி விலையைப் பற்றிப் பேசவில்லை.
கையைத் துடைக்க நான் துணியை எடுத்தபோது
பிளாக்கின் பக்கம் வந்து நின்றுகொண்டான்.
"சாக்பீஸைத் துடைத்துவிடாதே" என்றான்.