கடைசியாகப் பார்த்த தேதி

ஷார்ஜா, சஜா தொழிற்பேட்டை, ஆகஸ்ட்.
ஒன்பதாம் கொட்டகையில் ஏசி ஓடுவது
எங்களுக்காக அல்ல,
ஒரு பிடி உப்புக்காக.
சோடியம் அயோடைடு. ஈரம் பட்டால் மஞ்சளித்துப்போகும்.
கடல் கண்ணுக்குத் தெரியாத தூரம்தான்;
காற்றில் அது இல்லாத நாளில்லை.

உப்புக்குப் பின்னால் ஒளிபெருக்கும் குழாய்.
அதற்கு வெளிச்சம் ஆகாது, ஊசிமுனை அளவும்.
கறுப்பு டேப்பை மூன்று சுற்று இழுத்துச் சுற்றியவன்
இருளாண்டி.
"பேருக்கேத்த வேலைதான் குடுத்திருக்கீங்க சார்"
என்று பல்லால் கடித்து அறுத்தான்.
கமுதிக்காரன். ஈயக்கட்டி ஒன்று பதினோரு கிலோ,
இரண்டிரண்டாகத் தூக்குவான்.

எதைப் பிடிக்க இத்தனை கட்டு என்று ஒருநாள் கேட்டான்.

சொன்னேன்: அந்த வளையத்துக்குள்
எலக்ட்ரான்கள் எதிலாவது இடித்துக்கொண்டே போகும்,
விடுமுறை மாலையில் ரோலா கடைத்தெரு மாதிரி.
இடிபடுகிறவரை எவனும் ஓட முடியாது.
ஒருவன் எப்படியோ வேகம் பிடித்துவிட்டால்
இடிப்பவர் குறைவார்.
குறையக் குறைய இன்னும் வேகம்.
பிறகு அவனைத் தொட ஆளில்லை.
கண்ணிமைப்பதற்குள் ஒரு கோடிச் சுற்று.

"அப்ப தப்பிச்சிருவானா?"

வளையம்தானே அது. எங்கே தப்ப?
சுவரில் போய் அடிப்பான். எக்ஸ் கதிர் தெறிக்கும்.
இந்த உப்பு நீலமாய் ஒரு துணுக்கு மினுங்கும்.
நாம் பார்ப்பது அந்த மினுக்கை.
அவனை யாரும் பார்த்ததில்லை.

டேப் சுருளை உள்ளங்கையில் உருட்டியபடி நின்றான்.
"எப்ப சார் ஓட ஆரம்பிப்பான்?"

பெரும்பாலும்,
உள்ளே எல்லாம் திடீரென்று குளிர்ந்துபோகும்போது.

மே. ஜூன். ஜூலை.
அவனை அனுப்பிய ஆள்சப்ளை கம்பெனி
மூன்று மாதமும் சம்பளம் போடவில்லை.
நான்காம் மாதம் ஏழாம் தேதி
கேம்ப் பஸ்ஸில் அவன் இருக்கை காலி.

பி.ஆர்.ஓ. ஹம்தி படிவத்தோடு வந்தார்.
தப்பியோடியவர் பெயர்,
கடைசியாகப் பார்த்த தேதி, இடம்,
சாட்சி கையெழுத்து.
பாஸ்போர்ட் அவர்கள் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது;
அதன்படி அவன் இன்னும் சஜாவை விட்டு நகரவில்லை.
"நாளைக் காலைக்குள்" என்றார் ஹம்தி,
குளிருக்கு வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்.

அன்றிரவு ஷாட் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.
முப்பத்தோராம் மில்லிசெகண்டில் பிளாஸ்மா செத்தது.
முப்பத்துமூன்றில்
திரையின் மேல்விளிம்பு வரை ஒரே ஒரு முள்.
யாரோ கைதட்டினார்கள்.
நான் டேப்பைத் தடவிப் பார்த்தேன்.
அவன் கட்டிவைத்த இருட்டு
இன்னும் ஓரிடத்திலும் கசியவில்லை.
விளிம்பில் அவன் பல் பதிந்த வரிசை.

ஷாட் இல்லாத நேரத்திலும்
உப்பு ஒன்றிரண்டு முறை மினுங்கும்.
வானிலிருந்து, தரையின் கான்கிரீட்டிலிருந்து, எங்கிருந்தோ.
பின்னணி என்போம்.
அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு.

விடிகாலை மூன்று பத்துக்கு
என் போனில் ஒரு மிஸ்டு கால்.
ஒரே மணி. தெரியாத எண்.
திருப்பி அழைக்கவில்லை.
கழிக்கவுமில்லை.

படிவத்தை நான்காய் மடித்து
ஈயச்சுவரின் அடிவரிசையில் செருகப் போனேன்.
மேலிருந்த ஒற்றைக் கட்டியை நகர்த்துவதற்குள்
இடுப்பு பிடித்துக்கொண்டது.